ஒரே ஒருவர் வாங்கிய பாட்டு

மனிதன் இதுவரை செய்த பூட்டுகளிலேயே பொய் சொல்லத் தெரியாத பூட்டு, பாட்டுகளுக்குப் போடும் நெஞ்சுப் பூட்டு ஒன்றுதான் என்பதும், அதைக் கண்டுபிடித்த பிறகு நாகரிகத்துக்குப் பெரிதாக வேறு வேலை பாக்கி இல்லை என்பதும் இளம்பரிதியின் தீர்மானமான கருத்து. நெருப்பு, சக்கரம், பூஜ்யம் எல்லாம் இந்த இடத்துக்கு வந்துசேர ஏறிய படிகள் என்பான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ராகசுரபி நிறுவனத்தின் பாட்டு மாற்று மையத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வரிசையில் நின்று கால் கடுத்தவர்களிடம் சொல்வான். அவர்கள் முகத்திலும் சிரிப்பு இருக்காது.

அன்று காலை தடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் வேங்கடாசலம். ஓய்வுபெற்ற தாசில்தார். பாட்டை ஒலிக்கவிட்டு நாடியைப் பார்க்கும் கிளிப் காதில் மாட்டியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. கிளிப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னய்யா இது, சிவப்பு எரியுது? இது என் கல்யாணத்தன்னைக்கு நான் வாங்கின பாட்டு."

"பாட்டு உங்களுதுதான் சார். ஆனா நீங்க அந்த நீங்க இல்லை."

"பின்ன நான் யாரு?"

இளம்பரிதி பொறுமையாக விளக்கினான். ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்வதால் அது அவனுக்கு மந்திரம்போல வரும். "முதல் தடவை கேட்டப்போ உங்க நாடித்துடிப்பு, மூச்சு, கையில மயிர் சிலிர்த்தது எல்லாத்தையும் சேர்த்து அளந்து அதைத்தான் சாவியா வச்சிருக்கு. நீங்க அடிக்கடி கேட்டிருந்தா பூட்டுக்கும் உங்களோட சேர்ந்து வயசாகியிருக்கும். நீங்கதான் கேக்காம போட்டு வச்சிட்டீங்களே. இப்ப அன்னைக்கு இருந்த மாப்பிள்ளை வந்தாத்தான் திறக்கும்."

"அந்த மாப்பிள்ளையைத்தான் தம்பி நானும் ரொம்ப வருஷமா தேடிக்கிட்டிருக்கேன்" என்றார் அந்த அம்மாள்.

வரிசை சிரித்தது. தாசில்தார் சிரிக்கவில்லை. "ஏன்யா, மார்க்கெட்ல கத்தரிக்காய் வாங்கறேன். காசு குடுத்தாச்சு, பையில போட்டாச்சு. வீட்டுல போய் வதக்கும்போது கடைக்காரன் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, 'வாங்கினப்ப இருந்த பசி இப்ப உமக்கு இருக்கா'ன்னு கேப்பானா? கேட்டா விடுவோமா?"

"கத்தரிக்காய்க்கு நீதிமன்றத் தீர்ப்பு இல்லை சார். அடுத்தவங்க வரலாம்."

தீர்ப்பு என்னவோ நல்ல தீர்ப்புதான். பூட்டுப் போட்டு விற்ற பாட்டுகளுக்கெல்லாம் பதிலாகப் பூட்டில்லாத பிரதியை, வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. ராகசுரபி எல்லா மன்றங்களுக்கும் ஏறி, எல்லாவற்றிலும் தோற்று, கடைசியில் தலைவணங்கி உத்தரவை நிறைவேற்றியது. வாங்கியவருக்குக் கொடு என்றுதானே தீர்ப்பு? வாங்கியவர் யார் என்பதை நிறுவனம் முடிவுசெய்யும். அதற்கு அடையாள அட்டை செல்லாது, கைரேகை செல்லாது, பெற்ற தாயின் சாட்சி செல்லாது. அன்று உணர்ந்ததை இன்றும் உணர்ந்து காட்டினால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. மூன்று முறை சிவப்பு எரிந்தால் பிரதி தானாக அழிந்துவிடும். மாதக் கடைசியில் பூட்டுப் பாட்டுகள் இருக்கும் பழைய கணினிக் கிடங்கையே அணைத்துவிடுவார்கள். மீதி எல்லாவற்றிலும் நிறுவனம் மிகவும் தாராளமாக நடந்துகொண்டது. வரிசையில் நிற்பவர்களுக்கு மோர் கொடுத்தது.

அடுத்து வந்த அம்மாவுக்கு, தன் தாய் இறந்த வாரத்தில் வாங்கிய பாட்டு. அவருக்கும் சிவப்பு.

"துக்கம் ஆறிடுச்சும்மா உங்களுக்கு. அதான் ஏத்துக்க மாட்டேங்குது."

அவர் கிளிப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஆறணும்னுதானேப்பா எல்லாரும் சொன்னாங்க" என்றார். எழுந்து போய்விட்டார்.

அவர் எங்கே போவார் என்று இளம்பரிதிக்குத் தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம், பேக்கரிக்கு மேலே மாடியில், 'உருக்கம் பயிற்சி மையம்' என்று ஒரு பலகை தொங்கியது. நுழைவுத் தேர்வுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த கோதண்டபாணி மாஸ்டர், காலத்தின் தேவையை உணர்ந்து, மறந்துபோன உணர்ச்சிகளை மீட்டுத்தரும் டியூஷன் தொடங்கியிருந்தார். காலையில் காதல் பேட்ச், மாலையில் சோகம் பேட்ச், சனி ஞாயிறு இரண்டும் சேர்த்துத் துரித வகுப்பு. தேர்ச்சி பெற்றவர்களின் படங்களைப் பலகையில் ஒட்டியிருந்தார். எல்லாப் படத்திலும் கண்கள் சிவந்திருந்தன.

"பாருங்க ஷாகிதாக்கா, படி ஏறிட்டாங்க" என்றான் இளம்பரிதி. "அழறதுக்கு டியூஷன் போற ஊரு உலகத்துலயே நம்ம ஊருதான். நெஞ்சு சுத்தமா இருந்தா மாட்டின உடனே பச்சை எரியப்போவுது. இதுல கோச்சிங் என்ன, நோட்ஸ் என்ன!"

மேற்பார்வையாளர் ஷாகிதா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "நீ எதையாவது மாத்தியிருக்கியா?"

"நான் வாங்கினதெல்லாம் தினமும் கேக்கற பாட்டு. பூட்டே எனக்கு சலாம் போடும்."

"ஒருநாள் மாட்டிப் பாரு. அப்புறம் பேசு."

மதிய உணவுக்குச் சற்று முன்பு காக்கிச் சேலை கட்டிய ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நகரப் பேருந்துக் கண்டக்டர். டிக்கெட்டை இயந்திரம் கொடுக்கத் தொடங்கிய பிறகும், படியில் தொங்குகிறவனை உள்ளே ஏறச் சொல்ல மனிதர்தான் வேண்டியிருந்தது. கழுத்தில் விசில் தொங்கியது. விசிலுக்கு மேலே, தொண்டையின் குறுக்கே ஒரு தழும்பு. அவள் பேசியபோது குரலுக்குப் பதில் வெறும் காற்றுதான் வந்தது. இளம்பரிதி தடுப்பின் துளைக்கு அருகே காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"என் பேரு சம்மனசு மேரி சார். தைராய்டு ஆபரேஷன்ல குரல் நரம்பு போயிருச்சு. உரக்கப் பேச வராது."

"பரவால்லம்மா. எந்தப் பாட்டை மாத்தணும்?"

"நான் வாங்கலை சார். நான் பாடினது."

பாட்டின் பெயர் 'ஈரத் துண்டு'. படிக்கும் காலத்தில் அவளே எழுதி, மெட்டமைத்து, பாடியது. ராகசுரபி பதிவுசெய்துகொண்டு, மூலப் பிரதியையும் உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டது. பாடியவருக்கு ஒரு பிரதி கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. வேண்டுமானால் மற்றவர்களைப்போலக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

"வாங்கியிருக்க வேண்டியதுதானே?"

"ரோஷம் சார். என் தொண்டையில இருந்து வந்ததை நானே காசு குடுத்து வாங்கறதா? மாட்டேன்னுட்டேன். அப்ப தொண்டை கைவசம் இருந்துச்சு. எப்ப வேணா பாடிக்கலாம்னு ஒரு திமிரு." அவள் சிரித்தாள், அதுவும் காற்றாகத்தான் வந்தது. "மூலப் பிரதியைக் கேட்டா அதை எப்பவோ அழிச்சாச்சுங்கறாங்க. வித்த பிரதி மட்டும்தான் பாக்கி. மொத்தம் ஒண்ணே ஒண்ணு வித்திருக்கு."

"ஒண்ணா?"

"ஆமா சார். கணக்கு அனுப்புவாங்க. வருஷா வருஷம் அதே ஒண்ணு. டெப்போவுல எவளாவது, 'நீ என்ன பெருசா கிழிச்சே'ன்னு கேட்டா மனசுக்குள்ள சொல்லிக்குவேன். ஊரு பேரு தெரியாத ஒருத்தர், யாரும் சொல்லாம, கைக்காசு போட்டு என் குரலைக் கேட்டிருக்காருடி, போன்னு. என் பொண்ணு இருக்காளே, நான் பாடுவேன்னு சொன்னா கதை விடறேங்கறா. அவ பொறந்ததுல இருந்து என் விசிலைத்தான் கேட்டிருக்கா. அந்த ஒருத்தர் வந்து பாட்டை மாத்திக்கிட்டாருன்னா, ஒரு தடவை கேக்கத் தருவாரான்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லணும் சார். பேரு சொல்லக் கூடாதுன்னு தெரியும். நீங்களே கேட்டுச் சொன்னாப் போதும்."

இளம்பரிதி பாட்டின் பெயரைத் தட்டினான். வாங்கியவர் பெயர் திரையில் வந்தது. அவன் அதை ஒருமுறை படித்தான். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"அந்த ஒருத்தர் நான்தாம்மா."

சம்மனசு எழுந்து நின்றுவிட்டாள். கும்பிடுவதா, கைகொடுப்பதா என்று தெரியாமல் விசிலைப் பிடித்துக்கொண்டாள். வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"காலேஜ்ல படிச்சப்ப வாங்கினது" என்றான் இளம்பரிதி. உண்மையில் அவனுக்குப் பெயரைத் தவிர ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆனால் நல்ல காரியம் என்றால் தான்தான் செய்திருக்க வேண்டும் என்பதில் அவனுக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை. "வெளிய தெரியாத கலைஞர்களைத் தேடிப்பிடிச்சு ஆதரிக்கறது எனக்கு அப்பவே ஒரு பழக்கம். உக்காருங்க. இப்பவே உங்க கண்ணு முன்னாடி திறந்து தரேன்."

கிளிப்பை மாட்டிக்கொண்டான். சோதனைக்காக ஒலிக்கும் பாட்டு வாங்கியவர் காதுக்கு மட்டும்தான்; அவன் காதில் ஒலித்தது. மொட்டைமாடிக் கொடியில் யாரோ காயப்போட்டுவிட்டு மறந்துபோன ஒரு துண்டைப் பற்றிய பாட்டு. மெலிந்த குரல், ஆனால் தயங்காத குரல். சரணத்தில் மேலே ஏறும்போது ஓரிடத்தில் அது இரண்டாக உடைந்து, ஒரு கணம் காற்றாகி, மறுபடி ஒட்டிக்கொண்டது. இளம்பரிதி தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த தழும்பைப் பார்த்தான். அவன் முன்கையில் மயிர் எழுந்து நின்றது. பூட்டு இதைத்தானே கேட்கிறது, இந்தா எடுத்துக்கொள் என்று நினைத்தான்.

விளக்கு சிவப்பாக எரிந்தது.

"கிளிப்ல கோளாறும்மா" என்றான். "நாளைக்கு வாங்க."

வரிசையில் தாசில்தார் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். "எங்களுக்கு எரிஞ்சப்ப கிளிப் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று பொதுவாகக் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

மறுநாள் காலை, மையம் திறப்பதற்கு முன்பே வந்து, புது கிளிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டாம் முறை கேட்டான். கண்ணை மூடி, கைகளைக் கட்டி, மரியாதையாகக் கேட்டான். சரணம் வந்தபோது கண்ணில் நீரே வந்துவிட்டது. டியூஷன் இல்லாமல் வந்த நீர். மறுபடியும் சிவப்பு.

ஷாகிதா உள்ளே வரும்போது அவன் கிளிப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பூட்டு பொய் சொல்லுது."

"ஓ, சொல்லக் கத்துக்கிச்சா?" கைப்பையை மாட்டிவிட்டு அவர் தன் கணினியைத் திறந்தார். வாங்கியவரின் முதல் நாள் பதிவை மேற்பார்வையாளர் மட்டும் பார்க்கலாம். கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு கோட்டைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தார்.

"என்னக்கா?"

"இங்க பாரு. மூச்சு துண்டு துண்டா வெளிய வருது. வயிறு குலுங்குது. கன்னத்துல சூடு. இது அழுகை இல்ல பரிதி. சிலிர்ப்பும் இல்ல. சிரிப்பு."

"சந்தோஷமாக் கேட்டிருப்பேன்."

"சந்தோஷத்துக்குக் கோடு வேற மாதிரி வரும். தினமும் பாக்கறேன், எனக்குத் தெரியாதா? இது ஒருத்தரைக் கிண்டல் பண்ணி சிரிக்கற சிரிப்பு. அதுவும் குரல் உடையற இடத்துலதான் உச்சம்." அவர் திரையை அவன் பக்கம் திருப்பினார். "என்னடா பண்ணினே அந்தப் பாட்டை?"

அப்போதுதான் அவனுக்கு வந்தது. விடுதிச் சாப்பாட்டுக் கூடம். சலிப்பான ஒரு மாலை. கடையில் ஆகக் கேவலமான பெயர் உள்ள பாட்டைத் தேடி வாங்குவது என்று ஒரு பந்தயம். 'ஈரத் துண்டு' என்ற பெயரைப் பார்த்ததும் நண்பர்கள் மேசையைத் தட்டினார்கள். கிளிப்பை மாட்டிக்கொண்டு அவன் பெஞ்சின்மேல் ஏறினான். பூட்டுப் பாட்டு என்பதால் மற்றவர்களுக்குக் கேட்காது. கேட்கிற அவன்தான் நடித்துக்காட்ட வேண்டும். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, குரல் உடையும் இடத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கோழிபோலக் கத்தினான். கூடமே உருண்டது. அந்த ஆண்டு முழுக்க விடுதியில் எந்த விழா என்றாலும் "டேய், ஈரத் துண்டு!" என்று கத்துவார்கள், அவன் பெஞ்சில் ஏறுவான். பாட்டை அவன் மறுபடி கேட்கவே இல்லை. கோழிச் சத்தம் போதுமாக இருந்தது. சம்மனசின் பாட்டுக்கு இந்த உலகத்தில் நடந்த ஒரே கச்சேரி அதுதான்.

அவன் முகத்தைப் பார்த்து ஷாகிதா மேலே கேட்கவில்லை. "சரி, சாவி என்னன்னு தெரிஞ்சிருச்சு. மூணாவது தடவை மாட்டிக்கிட்டு சிரி. முடிஞ்சிது."

"பொய்யா சிரிச்சா?"

"கண்டுபிடிச்சிரும். அதான் பொய் தெரியாத பூட்டாச்சே. நீதானே ஊரெல்லாம் சொல்றே. நிஜமாவே அன்னைக்கு மாதிரி வரணும். இன்னொரு சிவப்புன்னா பாட்டு போச்சு. உனக்கு மட்டும் இல்ல. உலகத்துலேர்ந்தே போச்சு."

இளம்பரிதி தலைமை அலுவலகத்துக்கு அழைத்தான். இனிமையான ஒரு குரல் எடுத்தது. தான் நிறுவனத்தின் ஊழியன் என்றும், வாங்கியவன் தானே என்றும், பெயர் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, ஆள் உயிரோடு உட்கார்ந்திருக்கிறான் என்றும் சொன்னான்.

"புரியுது சார். ஆனா விளக்கு சிவப்புங்கறீங்களே."

"அந்தப் பாட்டை நான் அன்னைக்குக் கேவலமா நினைச்சேங்க. இன்னைக்கு உண்மையாவே பிடிச்சிருக்கு. பிடிச்சவனுக்குத் தர மாட்டீங்க, கேலி பண்ணினவனுக்குத்தான் தருவீங்களா? இது என்ன நியாயம்?"

"வாங்கினவருக்குத்தான் சார் தரச் சொல்லி தீர்ப்பு. கேலி பண்ணினவர்தானே வாங்கியிருக்கார்?" குரல் இன்னும் கொஞ்சம் இனித்தது. "உங்க கோபம் எங்களுக்கு ரொம்ப முக்கியம். பதிவு பண்ணிக்கறோம்."

"காசு குடுத்தேன்ல? பொருளைக் குடுங்கய்யா! வதக்கும்போது ஜன்னல்ல எட்டிப் பாக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

எதை வதக்கும்போது என்று குரல் கேட்டது. அவன் வைத்துவிட்டான். நெஞ்சுப் பூட்டைப் பற்றி அப்போது அவன் வாயிலிருந்து வந்த சொற்களை வரிசையில் நின்றவர்கள் முதல்முறையாக ஒப்புதலோடு கேட்டார்கள்.

சம்மனசு இரண்டு டிரிப்புக்கு நடுவே ஓடிவந்தாள். பேருந்து வெளியே உறுமிக்கொண்டு நின்றது.

"ஆச்சா சார்?"

"கிளிப்... இன்னும் சரியாகலைம்மா. மாசக் கடைசிக்குள்ள ஆயிடும்."

"அவசரம் இல்ல சார். நேத்து என் பொண்ணுகிட்ட சொன்னேன், அந்தச் சாரை நேர்லயே பாத்துட்டேன்டீன்னு. அவ நம்பலை. 'அப்ப அவருக்கு அந்தப் பாட்டுல எந்த இடம் பிடிக்கும்னு கேட்டுட்டு வா'ங்கறா. சும்மா சொல்லுங்க சார், எந்த இடம்?"

இளம்பரிதி மேசையைப் பார்த்தான். "சரணத்துல... குரல் உடையுமே. அந்த இடம்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "அய்யோ சார்! அதைத்தான் ஸ்டுடியோல எல்லாரும் வேண்டாம், திருப்பிப் பாடுன்னாங்க. நான்தான் இருக்கட்டும்னு சண்டை போட்டேன். நெஞ்சு அடைச்சா குரல் உடையத்தானே செய்யும்? புரிஞ்சவங்களுக்குப் புரியும்னேன். ஒருத்தருக்குப் புரிஞ்சிருக்கு பாருங்க."

வெளியே டிரைவர் ஹாரனை அழுத்தினார். அவள் விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே ஓடினாள்.

அவன் அன்று முழுவதும் முயன்றான். கிளிப் இல்லாமல்தான், மூன்றாவது வாய்ப்பைத் தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை. கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கோழிபோலக் கத்திப் பார்த்தான். பயந்துபோய்க் கதவைத் தட்டினார்கள். பழைய விடுதி நண்பன் ஒருவனை அழைத்து, "டேய், ஈரத் துண்டு ஞாபகம் இருக்கா?" என்றான். நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். அது நண்பனுக்குத்தான் வந்தது. இவனுக்குத் தழும்பு தெரிந்தது, தழும்புக்குக் கீழே விசில் தெரிந்தது, திருப்பிப் பாட மாட்டேன் என்று ஒரு சின்னப் பெண் ஸ்டுடியோவில் சண்டை போடுவது தெரிந்தது. அவன் ஒரு நல்ல ஆளாக மாறிவிட்டிருந்தான். அதுவும் மாதக் கடைசியைப் பார்த்து. நல்ல ஆளுக்குத் தர அந்த நிறுவனத்திடம் ஒன்றும் இல்லை.

மாலையில் மையத்தைப் பூட்டியதும் ஷாகிதா பேருந்து நிலையத்துப் பக்கம் போனார். இளம்பரிதி போகவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தான். சாலையைக் கடப்பதற்காக மட்டும் பார்க்கவில்லை. பிறகு கடந்து, பேக்கரி ஓரமாக நுழைந்து, மாடிப்படி ஏறினான்.

சோகம் பேட்ச் நடந்துகொண்டிருந்தது. வாசலில் அவனைப் பார்த்ததும் கோதண்டபாணி மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பெஞ்சுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் அவன் திருப்பி அனுப்பியவர்கள். தாய் இறந்த வாரத்தில் பாட்டு வாங்கிய அம்மா இருந்தார். முன்வரிசையில் தாசில்தாரும் மனைவியும் இருந்தார்கள். காலை பேட்ச்சில் காதல் வராததால் அவர்களைச் சோகத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

"வாங்க சார்" என்றார் மாஸ்டர். "ஆய்வுக்கு வந்தீங்களா?"

"இல்ல மாஸ்டர். சேரலாம்னு."

யாராவது குத்திக்காட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நல்லது. காதலா, சோகமா?"

"சிரிப்பு."

"சிரிப்பா? அதை யாரும் கேட்டதில்லையே. எந்த மாதிரி சிரிப்பு?"

இளம்பரிதி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரு பொண்ணு மனசு உருகிப் பாடுது மாஸ்டர். அதைக் கேட்டு, விழுந்து விழுந்து சிரிக்கணும்."

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கஷ்டம் சார்" என்றார் கடைசியில். "அழுகையை ஒருமாதிரி வரவழைச்சிரலாம். இதுக்கு மனசுல இருக்கறதை ஒவ்வொண்ணா எடுத்து வெளிய வைக்கணும். எடுத்தது திரும்ப உள்ள போகும்னு நான் உத்தரவாதம் தர முடியாது. பரவால்லையா?"

இளம்பரிதி தலையாட்டினான்.

தாசில்தார் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க தம்பி" என்றார். மாஸ்டர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் ஒருவர் விசும்பத் தொடங்கினார், பிறகு இன்னொருவர். அந்த அழுகைக்கு நடுவே இளம்பரிதி வாயைத் திறந்து, மெல்ல, யாருக்கும் தொந்தரவில்லாமல், சிரித்துப் பார்த்தான். சரியாக வரவில்லை.

"முதல் நாள் எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார் கோதண்டபாணி. "இன்னொரு தடவை."